அடிக்காமலும் வதைக்கலாம்

"யார்கூட பேசிட்டிருந்த? லைன் பிஸியா இருந்துச்சே?" காதலர் என்றைக்காவது இப்படிக் கேட்டால் சரி. தினமும் கேட்டு, கால் ஹிஸ்டரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னால் அது கொடுமை. அடி விழுந்தால்தான் வன்முறை என்று நினைத்துப் பல பெண்கள் பொறுத்துப்போகிறார்கள்.

போன் பாஸ்வேர்டைக் கேட்பது, தோழிகளை ஒவ்வொருவராக விலக்கச் சொல்வது, சண்டைக்குப் பிறகு அழுது பரிசு கொடுத்துவிட்டு மறுவாரமே மறுபடி கத்துவது, எல்லாம் வன்முறையில் சேர்த்தி. "நீ போனா கையை அறுத்துக்குவேன்" என்பதும் மிரட்டல்தான். அவர் உயிருக்கு நீங்கள் பொறுப்பல்ல. அவர் வீட்டாருக்கு உடனே சொல்லிவிடுங்கள்.

பிரியும் நேரம்தான் அதிக ஆபத்தானது. தனியிடத்தில் சந்தித்து முடிவைச் சொல்லாதீர்கள். நம்பும் ஒருவருக்கு முன்பே தெரிவியுங்கள், பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். மிரட்டல் மெசேஜ்களை அழிக்க வேண்டாம், அவைதான் சாட்சி.

அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். வேண்டாம் என்ற பிறகும் ஒரு பெண்ணைப் பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை.

பெற்றோரே, மகள் சொல்ல வரும்போது "உன்னை யாரு காதலிக்கச் சொன்னது?" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே பலர் வாய் திறப்பதில்லை. பெண்கள் உதவி எண் 181, 24 மணி நேரமும் இலவசம்.