விடுமுறை நாளுக்கும் கணக்கு உண்டு

கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளிடம், "பாடமில்லாத நேரத்தில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்கள் வரும். நண்பர்களோடு ஊர் சுற்றுவோம், ஓட்டலுக்குப் போவோம், படம் பார்ப்போம். இவற்றையெல்லாம் ஒரேயடியாக "ஹராம்" என்று விரட்டும் பெற்றோரும் உண்டு. "வாலிபப் பருவம், இருந்துவிட்டுப் போகட்டும்" என்று கண்டுகொள்ளாமல் விடும் பெற்றோரும் உண்டு. இவ்விரண்டும் மார்க்கம் காட்டிய வழியல்ல.

ஓய்வு என்பது அல்லாஹுத் தஆலா அருளிய நிஃமத்து. உடல் நலம், ஓய்வு ஆகிய இரண்டு அருட்கொடைகளில் மக்களில் பலர் நஷ்டமடைந்து விடுகின்றனர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அதில் வரும் அரபுச் சொல், வியாபாரத்தில் ஏமாந்து நிற்பவனைக் குறிக்கும் சொல்லாகும். விலையுயர்ந்த பொருளைக் கொடுத்துவிட்டு அற்பமானதை வாங்கி வருபவன் எவனோ, அவனே ஓய்வை வீணடிப்பவன். மறுமையில் ஆயுள், வாலிபம், செல்வம், கல்வி ஆகியவை பற்றி விசாரணை உண்டு என்பதும் நபிமொழியே. மாணவனின் கையில் ஆயுளும் வாலிபமும் கல்வியும் இருக்கின்றன. செலவழிக்கும் பணமோ வாப்பாவினுடையது. ஆக, நான்கு கேள்விகளும் அவனை நோக்கியே நிற்கின்றன.

இதனால் சிரிப்பும் களிப்பும் கூடாது என்று பொருளல்ல. வீட்டில் மனைவி மக்களோடு கலந்திருக்கையில் தம் உள்ளத்தின் நிலை மாறிவிடுகின்றதே என்று ஹன்ளலா (ரலி) அவர்கள் கலங்கியபோது, அதற்கொரு நேரம் இதற்கொரு நேரம் என்றே பெருமானார் அவர்கள் தேற்றினார்கள். பெருநாளன்று அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு ஆடினர். அதைப் பார்க்க விரும்பிய அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு, தாமே மறைப்பாக நின்று, அன்னையவர்கள் சலிக்கும் வரை காட்டினார்கள். விளையாட்டில் இளம் பெண்ணுக்கு உள்ள ஆசையை மதியுங்கள் என்று அந்த அன்னையே பிற்காலத்தில் எடுத்துரைத்தார்கள். ஆகவே ஓய்வு மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும் உரியது.

பயணம்

ஒரே ஒரு ஹதீஸைக் கேட்பதற்காக ஜாபிர் (ரலி) அவர்கள் ஒட்டகம் வாங்கி, ஒரு மாத காலம் பயணம் செய்து ஷாம் நாடு சென்றார்கள். 1325ஆம் ஆண்டு, 21 வயதில், ஹஜ்ஜை நாடித் தஞ்சீர் நகரை விட்டுப் புறப்பட்ட இப்னு பதூதா, பின்னாளில் இலங்கையின் பாவா ஆதம் மலையையும் நம் மதுரை சுல்தானின் அரசவையையும் கண்டு எழுதினார். ஊர் பார்ப்பது குற்றமன்று. போன இடத்தில் தொழுகையைத் தொலைப்பதே குற்றம்.

விடுதி மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய சட்டங்கள் சில. ஏறத்தாழ 80 கிலோ மீட்டருக்குக் குறையாத பயணத்தில் லுஹர், அஸர், இஷா ஆகிய நான்கு ரக்அத் தொழுகைகள் இரண்டாகச் சுருங்கும். சுபுஹும் மஃரிபும் சுருங்கா. துல்லியமான தூர அளவை உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக் கொள்க. சென்ற ஊரில் 15 நாட்களோ அதற்கு மேலோ தங்க நிய்யத்துச் செய்தால் ஹனபி மத்ஹபில் கஸ்ரு இல்லை. ஷாபிஈ மத்ஹபில், போகும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க நிய்யத்துச் செய்தாலே கஸ்ரு இல்லை. ஆகவே மாதக்கணக்கில் விடுதியில் தங்குபவர் அங்கே முழுமையாகவே தொழ வேண்டும். விடுமுறையில் சொந்த ஊருக்கு ஒரே ஒரு நாள் வந்தாலும் முழுத் தொழுகைதான். இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழும் சலுகை ஷாபிஈ பயணிக்கு உண்டு. ஹனபிகளுக்கு அது ஹஜ்ஜில் மட்டுமே. பாவத்தை நாடிப் புறப்பட்டவனுக்கு இச்சலுகைகள் எதுவுமில்லை என்பது ஷாபிஈ சட்டம்.

மூவர் சேர்ந்து பயணம் போனால் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ளும்படி நபிமொழி பணிக்கின்றது. கொடைக்கானலுக்கோ குற்றாலத்துக்கோ போகும் மாணவர்கள் இந்த ஸுன்னத்தை நிறைவேற்றட்டும். பேருந்து எங்கே நிற்கும், தொழுகை எங்கே என்பதைப் பார்த்துக் கொள்ள ஒருவர் இருந்தால் ஒருவருக்கும் தொழுகை தவறாது.

வெளியே உண்பது

நண்பர்களோடு சேர்ந்து உண்பதில் பரக்கத்து உண்டு. ஆனால் மூன்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இறைச்சி ஹலாலா என்பது. கேட்பதற்கு வெட்கப்படுபவர் அங்கே சைவம் உண்டு திரும்பட்டும். இரண்டாவது, மது பரிமாறப்படும் விருந்தில் அமர்வதற்கே தடை உண்டு. "நான் குடிக்கவில்லையே" என்பது போதாது. மூன்றாவது, வீண் விரயம். உண்ணுங்கள், பருகுங்கள், விரயம் செய்யாதீர்கள் என்ற கருத்தில் அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் அமைந்திருக்கின்றது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் ஒரு மாலையில் 500 ரூபாய் செலவென்றால் ஆண்டுக்கு 26,000 ரூபாய். வளைகுடா நாட்டில் வெயிலில் உழைத்து, தன் சாப்பாட்டைச் சுருக்கி அனுப்பும் வாப்பாவின் பணம் அது. "இன்று நான், நாளை நீ" என்று முறை வைத்து விருந்தளிக்கும் வழக்கமோ, வசதியற்ற மாணவனைக் கடனாளியாக்குகின்றது. அவன் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை. அவரவர் பங்கை அவரவர் கொடுப்பதோ, விடுதி அறையிலேயே கூடிச் சமைத்து உண்பதோ எவ்வளவோ மேல். குழம்பில் தண்ணீரைக் கூட்டியாவது அண்டை வீட்டாருக்குக் கொடு என்று அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை இங்கே பொருந்தும்.

படம்

செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றும் விசாரிக்கப்படும் என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 36ஆம் வசனம் அறிவிக்கின்றது. ஆபாசத்தைக் காண்பது கூடாது என்பதில் எந்த ஆலிமுக்கும் கருத்து வேறுபாடில்லை. கொட்டகையில் பார்த்தாலும் போர்வைக்குள் கைபேசியில் பார்த்தாலும் சட்டம் ஒன்றே.

நேரத்தின் கணக்கும் உண்டு. மஃரிபுடைய வக்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். கோடையில் நம் பகுதியில் சூரியன் மறைவதே ஏறத்தாழ 6.30 மணிக்குத்தான். அந்நேரத்தில் தொடங்கும் மாலைக் காட்சிக்குள் மஃரிப் முழுவதும் களாவாகிப் போகும். அன்று கொட்டகையில் படம் முடிந்தால் விளக்கு எரியும், எழுந்து வந்துவிடலாம். இன்று கைபேசியில் ஒரு தொடர் முடியுமுன் அடுத்தது தானே தொடங்குகின்றது. விளக்கேற்றி எழுப்ப யாருமில்லை. இரவு கழிந்து சுபுஹும் தவறுகின்றது. வாரம் மூன்று படம், ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 390 மணி நேரம். அதாவது இரவும் பகலுமாகப் பதினாறு நாட்களுக்கு மேல்! ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் நான்கு பக்கம் ஓதினால், ஏறத்தாழ ஒரு மாதத்தில் குர்ஆன் ஷரீஃப் ஒரு முறை கத்தம் ஆகிவிடும் என்பதையும் அதன் அருகில் வைத்துப் பாருங்கள்.

பெற்றோருக்கு

தொலைக்காட்சித் தொடரை விட்டுக் கண்ணெடுக்காத வாப்பாவும் உம்மாவும் மகனைக் கண்டித்தால் அச்சொல் ஏறாது. தடுத்தால் மட்டும் போதாது. பதிலாக ஒன்றைக் கொடுக்கவும் வேண்டும். உறவினர் வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள், நீச்சல் பழக்குங்கள், மாதம் ஒரு நாள் குடும்பத்தோடு வெளியே சென்று உண்ணுங்கள். வீட்டில் ஹலாலான மகிழ்ச்சியைக் காணாத பிள்ளைதான் அதை வெளியே தேடிப் போகின்றது.

மாணவத் தம்பிகளே, தங்கைகளே! விடுமுறை நாள் காலையில் மூன்று கேள்விகளை உங்களுக்குள்ளே கேட்டுக் கொள்ளுங்கள். இதில் எனக்குத் தொழுகை தவறுமா? இது யாருடைய பணம்? இதை வாப்பா, உம்மாவிடம் மறைக்காமல் சொல்ல முடியுமா? மூன்றுக்கும் மனம் கூசாமல் பதில் சொல்ல முடிந்தால், பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்படுங்கள்.

நம் பிள்ளைகளின் வாலிபத்தையும் ஓய்வையும் வல்ல நாயன் தன் பொருத்தத்தில் ஆக்கியருள்வானாக! ஆமீன்.