மூன்று மூட்டை, மூன்று நிறுவை

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று மாறிகள் வந்தாலே எதைப் பெருக்குவது, எதை நீக்குவது என்று கை தடுமாறுவதாக எழுதியிருந்தாய். கணக்கில் கை வைக்கும் முன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிரு.

உங்கள் கொல்லிமலைத் தானியத்தையே எடுத்துக்கொள்வோம். சோளக்காட்டுச் சந்தையில் சாமை, தினை, கேழ்வரகு ஒவ்வொரு மூட்டை. இரண்டிரண்டாகவே நிறுத்தார்கள் என்று வை. சாமையும் தினையும் 70 கிலோ. தினையும் கேழ்வரகும் 80. கேழ்வரகும் சாமையும் 90. மூன்று நிறுவைகளையும் கூட்டினால் 240. ஒவ்வொரு மூட்டையும் இருமுறை தராசேறியிருக்கிறது. ஆகவே மொத்தம் 120. அதில் முதல் நிறுவையைக் கழி, கேழ்வரகு 50. அப்படியே சாமை 40, தினை 30. ஒவ்வொன்றாக விட்டுவிட்டுக் கூட்டிய தொகைகளிலிருந்து எல்லாவற்றையும் மீட்கும் இந்த வழியை ஆரியபட்டர் 499-இலேயே விதியாகத் தந்துவிட்டார். நான்கு மூட்டை என்றால் மும்மூன்றாக நிறுத்து, கூட்டி, 3-ஆல் வகுக்க வேண்டும்.

மூன்றாவது நிறுவை வேறு மாதிரி இருந்தால்? ஒரு சாமை, இரண்டு தினை, ஒரு கேழ்வரகு மூட்டை சேர்ந்து 150 என்று சொன்னால் ஏமாந்துவிடாதே. முதலிரண்டின் கூட்டல்தான் அது, புதுச் செய்தி இல்லை, விடைகள் எண்ணற்றவை. 160 என்றால் விடையே கிடையாது, எங்கோ நிறுவை பிசகியிருக்கிறது. மாறிகளுக்குச் சமமாகச் சமன்பாடுகள் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்று மற்றவற்றிலிருந்து பிறந்ததா என்று பார்ப்பதுதான் முக்கியம்.

எண்கள் ஒழுங்காக அமையாதபோது நீக்கல் முறையே துணை. கணித மேதை காஸ் பெயரால் அதை அழைக்கிறோம். அவர் பிறந்தது 1777-இல்; முறையோ அதற்கு வெகு முந்தையது. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முந்தைய சீனத்து ‘ஒன்பது அத்தியாயங்கள்’ நூலில் கதிர்க்கட்டுக் கணக்கு ஒன்று உண்டு. மேல்தரம் 3, நடுத்தரம் 2, கீழ்த்தரம் 1 கட்டுகளில் 39 அளவு தானியம்; 2, 3, 1 கட்டுகளில் 34; 1, 2, 3 கட்டுகளில் 26. எண்ணும் குச்சிகளைக் கட்டங்களில் அடுக்கி நீக்கினார்கள். முதலாவதில் இரண்டாவதைக் கழித்துப் பார்: கீழ்த்தரம் மறைந்து, மேல்தரம் நடுத்தரத்தைவிட 5 கூடுதல் என்று தெரியும். முதலாவதை மும்மடங்காக்கி மூன்றாவதைக் கழித்தால் 8 மேல், 4 நடு, 91. இனி உனக்கே வரும்: 9¼, 4¼, 2¾. மூன்று வரிகளிலும் இட்டுச் சரிபார்த்துவிடு.

ஒரு கணக்கு தருகிறேன். 9-ஆம் நூற்றாண்டின் மகாவீரர் எழுதிய ‘கணித சார சங்கிரகம்’ 1912-இல் சென்னையில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சானது. அதில் உள்ளது: எலுமிச்சை இனப் பெருங்கனி 9, விளாம்பழம் 7, விலை 107; அதே பெருங்கனி 7, விளாம்பழம் 9, விலை 101. ஒவ்வொரு பழத்தின் விலை என்ன? பெருக்கத் தொடங்காதே. இரண்டையும் ஒருமுறை கூட்டு, ஒருமுறை கழி. விடையை அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அண்ணன்