பந்தய எஞ்சினும் பிஸ்டன் வளையமும்

மோட்டார்ப் பந்தயம் காண்போர் வண்டியின் வேகத்தையும் ஓட்டுபவரின் தீரத்தையும் வியப்பர். அவ்வேகத்தைக் காக்கும் சிறு வளையங்களை நினைப்போர் சிலரே. பிஸ்டனின் காடிகளில் பொருந்தும் அவ்வளையங்களைத் தெரிந்தெடுத்துப் பூட்டும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

முற்காலத்து நீராவி எஞ்சின்களில் பிஸ்டனைச் சுற்றிச் சணல் திணித்தே ஆவி கசியாமல் தடுத்தனர். 1852-இல் ஜான் ராம்ஸ்பாட்டம் என்னும் ஆங்கிலேயர், ஓரிடத்தில் வெட்டுண்ட உலோக வளையத்தை அமைத்தார். அவ்வெட்டினால் வளையம் வில்போல் விரிந்து சிலிண்டரின் சுவரைத் தழுவும். இக்காலப் பெட்ரோல் எஞ்சின்களிற் பெரும்பாலும் மூன்று வளையங்கள் உள. முதலாவது எரிந்த வாயுவைத் தடுக்கும். இரண்டாவது அதற்குத் துணைநின்று எண்ணெயையும் வழிக்கும். மூன்றாவது சுவரில் மிகுந்த எண்ணெயைக் கீழே திருப்பும்.

தடித்த வளையமே சிறந்ததென எண்ணுதல் இயல்பு. ஆயினும், வெடிப்பின்போது மேல் வளையத்தைச் சுவரோடு அழுத்துவது பெரும்பாலும் அதன் பின்புறம் புகும் வாயுவின் அமுக்கமேயாம். மேலும், எஞ்சினின் சுழற்சி இருமடங்கானால் வளையத்தை அலைக்கும் விசை நான்மடங்காகும். அப்போது கனத்த வளையம் காடியின் தளத்தை விட்டெழுந்து துடிக்க, வாயு கசியும். ஆதலின் பந்தய எஞ்சினுக்கு 1 மி.மீ. அளவினவாகிய மெல்லிய வளையங்களை விரும்புவர். பிஸ்டனின் காடியும் அவற்றிற்கு ஒத்திருத்தல் வேண்டும்.

இனி, வெட்டுவாயின் இடைவெளியைக் கணக்கிடுவோம். சிலிண்டரின் விட்டம் 100 மி.மீ. எனின், வளையத்தின் சுற்றளவு ஏறக்குறைய 314 மி.மீ. ஆகும். வார்ப்பிரும்பு ஒரு சென்டிகிரேடு பாகைக்குப் பத்து லட்சத்தில் 11 பங்கு நீளும். சுவரினும் 100 பாகை மிகுதியாகச் சூடேறின், வளையம் சுமார் 0.35 மி.மீ. நீளும். அதற்கு இடமில்லையேல் முனைகள் முட்டிக்கொள்ளும். சுவர் கீறுண்டு வளையமும் பிஸ்டனும் உடைதல் கூடும். ஆகவே இத்தகைய எஞ்சினில் மேல் வளையத்திற்குச் சுமார் 0.45 மி.மீ. இடைவெளி விடுவர், சூப்பர்சார்ஜர் பூட்டியதாயின் 0.6 மி.மீ. வரை விடுவர். வளையம் செய்தோர் குறித்த அளவு வேறாயின் அதனையே கொள்க.

ஒவ்வொரு வளையத்தையும் அதற்குரிய சிலிண்டரிலேயே இட்டு, கவிழ்த்த பிஸ்டனால் சிறிது தள்ளிச் சாய்வின்றி நிறுத்தி, ஃபீலர் கேஜினால் அளத்தல் வேண்டும். இடைவெளி குறைந்தால் ஒரு முனையை மட்டும் மெல்லிய அரத்தால் வெளிப்புறத்தினின்று உட்புறமாகத் தேய்த்துப் பிசிறு நீக்குக. மேற்பக்கக் குறியை நோக்கிப் பூட்டுக. வெட்டுவாய்கள் ஒரே வரிசையில் நில்லாதிருத்தலும் நன்று.

இடைவெளி சற்று மிகுந்தால் சிறிது வலிமை குறையும். சற்றுக் குறைந்தாலோ எஞ்சினே பாழாம். ஆதலின் ஒவ்வோர் அளவையும் குறிப்பேட்டில் எழுதி, மறுமுறை சரிபார்த்த பின்னரே எஞ்சினை மூடுதல் நம் கடமையாகும்.