கணிப்பொறிக் கணக்கில் யாருக்கு எந்த அதிகாரம்?

திருநின்றவூரில் ரயிலேறித் திருவள்ளூர் மார்க்கமாகச் சென்றால் இரண்டாவது நிலையம் செவ்வாப்பேட்டை. அதற்கு அணித்தான திரூர் கிராமத்தில்தான், 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், இந்தியாவின் முதல் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் அவ்வாண்டிலேயே பதிவாயிற்று. பேரேட்டையும் இரும்புப்பெட்டியையும் நம்பி வளர்ந்த இவ்வியக்கம் இப்போது கணிப்பொறிக்கு மாறி வருகிறது. ஏறத்தாழ 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களை ஒரு பொது மென்பொருளில் இணைக்கும் திட்டத்துக்கு 2022 ஜூன் 29 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதற்கு மதிப்பிட்ட செலவு 2,516 கோடி ரூபாய். நெசவாளர் சங்கங்கள் பலவும் நூல் இருப்பையும் துணி இருப்பையும் கணிப்பொறியிலேயே எழுதுகின்றன. ஆகவே, அம்மென்பொருளுக்குள் யார் எதைச் செய்யலாம் என்பதை அங்கத்தினர்களும் அறிந்திருத்தல் அவசியமாகிறது.

சங்கத்தின் பெட்டகத்துக்கு இரு சாவிகள் உண்டு. அவை இருவரிடம் இருக்கும். இருவரும் கூடினாலன்றிக் கதவு திறவாது. இவ்வழக்கத்தை நாம் நன்கறிவோம். மென்பொருளில் சாவியின் இடத்தில் இருப்பது பயனர் பெயரும் கடவுச்சொல்லும். ஒருவர் உள்ளே நுழைந்த பின்னர் எந்தெந்தக் கணக்கைப் பார்க்கலாம், எதை எழுதலாம், எதை அங்கீகரிக்கலாம் என்பதை வரையறுப்பது அனுமதி. இவ்வனுமதிகளை ஆளுக்காள் தனித்தனியே கொடுத்துக்கொண்டிருந்தால் சில மாதங்களில் குழப்பமே மிஞ்சும். கணக்கர், காசாளர், செயலாளர், தணிக்கையாளர் என்று பதவிகளை வகுத்து, அனுமதிகளைப் பதவிக்குக் கொடுத்து, ஆளைப் பதவியில் அமர்த்துவதே சீரான முறை. இதனை முறைப்படி வகுத்து 1992-இல் வெளியிட்டவர்கள் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தைச் சேர்ந்த ஃபெராயோலோ, கூன் என்னும் இருவர். வேலைக்குத் தேவையான அளவுக்கு மேல் எவருக்கும் அனுமதி வேண்டாம் என்ற விதியை சால்ட்சர், ஷ்ரோடர் என்போர் 1975-லேயே எழுதிவிட்டனர்.

நகைக்கடனை எடுத்துக்கொள்வோம். மதிப்பீட்டாளர் நகையை உரைத்து எடை போடுகிறார்; கணக்கர் பதிகிறார்; செயலாளர் அங்கீகரிக்கிறார்; காசாளர் பணம் கொடுக்கிறார். கடன் ஒன்று, கைகள் நான்கு. இந்நான்கு வேலைகளும் ஒரே கடவுச்சொல்லில் நடைபெறுமாயின், பெட்டகத்தில் இல்லாத நகைக்கும் கடன் எழுதலாம், தடுப்பார் எவருமிலர். 2021-இல் தமிழ்நாடு அரசு ஐந்து சவரனுக்கு உட்பட்ட கூட்டுறவு நகைக்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்து ஆராய்ந்தபோது, போலி நகைக்கும், நகையே இன்றியும் கடன் வழங்கியிருந்த சங்கங்கள் சில வெளிப்பட்டன. அவ்வாறு போன பணம் அங்கத்தினர்களின் வைப்புத்தொகையேயன்றி வேறென்ன?

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 1762-இல் தோன்றிய இங்கிலாந்தின் பேரிங்ஸ் வங்கி 1995 பிப்ரவரியில் வீழ்ந்தது. சிங்கப்பூர்க் கிளையில் நிக் லீசன் என்பவரே வியாபாரமும் செய்தார். அதன் கணக்கைச் சரிபார்க்கும் பிரிவையும் மேற்பார்த்தார். 88888 என்ற எண்ணுடைய கணக்கில் நஷ்டத்தை மறைத்து வந்தார். முடிவில் நஷ்டம் 80 கோடி பவுனைத் தாண்டியது. வங்கி ஒரு பவுனுக்கு விலை போயிற்று.

நெசவாளர் சங்கங்களில் கவனிக்க வேண்டிய இடம் கிடங்கு. பாவு நூலும் ஊடை நூலும் நிறுத்துக் கொடுப்பவரே நெய்த துணியை அளந்து வாங்கிக் கூலியையும் பதிவாரானால், நூல் குறைந்தது எங்கே என்ற கேள்விக்கு விடை கிடைப்பதரிது. பழியோ பெரும்பாலும் நெசவாளி தலையில்தான் விழும்.

"எங்கள் செயலாளர் உத்தமர், அவரைச் சந்தேகிப்பதா?" என்று கேட்பாருண்டு. திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் கோயில் முழுவதையும் தம் நெஞ்சினுள்ளேயே கட்டினார். கல்லும் தச்சரும் கணக்கும் அவர் ஒருவரிடமே இருந்தன. அங்கே பிறர் காசு ஒன்றும் இல்லை. சங்கத்தில் இருப்பதோ ஊரார் பணம். மேலும், ஒரே கடவுச்சொல்லை மூவர் பயன்படுத்தும் அலுவலகத்தில் பணம் குறைந்தால், குற்றமற்றவர் தம்மை நிரூபிக்க வழியில்லை. தனிப் பெயரும் தனிச் சொல்லும் நேர்மையான ஊழியருக்கே முதல் காவல்.

இரண்டே ஊழியர் உள்ள சிறு சங்கம் நான்கு கைகளுக்கு எங்கே போகும் என்பது நியாயமான கேள்விதான். அங்கே பதிபவரும் அங்கீகரிப்பவரும் வெவ்வேறாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியதாகும். குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட கடன்களுக்குத் தலைவரின் அங்கீகாரமும் வேண்டும் என்று மென்பொருளிலேயே அமைத்துவிடலாம். புதிய பயனர்களைச் சேர்க்கும் நிர்வாகி அதிகாரம் உடையவர் கடனோ ரசீதோ பதியலாகாது. மாற்றங்களையெல்லாம் நாள், நேரம், பெயருடன் பதியும் குறிப்பேட்டை எவரும் நிறுத்திவைக்க இயலாதிருக்க வேண்டும். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளுக்கு இது 2023 ஏப்ரல் 1 முதல் சட்டப்படியே கட்டாயம். நாமும் மென்பொருள் வாங்கும்போது கேட்டு வாங்கலாம்.

கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைக்கும் வழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வு பெற்றவர், மாறுதலானவர் ஆகியோரின் பெயர்கள்தாம் பெரும்பாலும் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில், மென்பொருளிலுள்ள பயனர் பட்டியலை அச்சிட்டு வைக்குமாறு அங்கத்தினர்கள் கேட்கலாம். அதில் ஒன்றிரண்டு பெயர்கள் யாருடையவை என்றே எவருக்கும் தெரியாமற்போகலாம். அவற்றை அன்றைக்கே முடக்கி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும்.