பாட்டுக்கும் தறிக்கும் நடுவே ஒரு ரப்பர்

அருப்புக்கோட்டையில் தறி ஓடுகிற தெருக்களுக்குள் நுழைந்தால் பேச்சு தானாகவே சைகைக்கு மாறிவிடும். ஒரு கொட்டகையில் எட்டுப் பத்து விசைத்தறிகள் சேர்ந்து ஓடும்போது, நாடா ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் பாய்ந்து மோதுகிற அடிதான் அந்தச் சத்தத்தின் பெரும்பங்கு. நாடாத் தறிகள் ஓடும் கொட்டகையில் 95 டெசிபலும் அதற்கு மேலும் சாதாரணம். அங்கே எட்டு மணி, பன்னிரண்டு மணி நேரம் நின்று ஊடை அறுந்ததைப் பார்ப்பதும் தார் மாற்றுவதுமாக இருக்கிறவர்களில் இளவட்டங்கள் பலர் காதில் இயர்போனோடுதான் நிற்கிறார்கள். ஆகவே இந்த ஊரில் இயர்போன் காதுக்குள் எப்படி உட்காருகிறது என்பது இசை ரசனையோடு முடிகிற விஷயமில்லை. ஐம்பது வயதில் பேச்சு காதில் விழுமா என்பதும் அதில் அடக்கம்.

“பாட்டு ஓடிக்கிட்டிருந்தா தறிச் சத்தம் காதுல ஏறாது, அண்ணாச்சி.”

கேள்விப்பட்ட நம்பிக்கைகளில் ஆபத்தானது இதுதான். பாட்டு தறிச் சத்தத்தை மறைப்பது மனதுக்கு மட்டும்தான். உள்காதில் இருக்கும் நுண்மயிர் செல்களுக்கு இரண்டும் சேர்ந்தே போகின்றன. கொட்டகையில் 97 டெசிபல் என்றும், ரப்பர் தொளதொளவென்று நிற்கிற இயர்போனைத் தாண்டி 94 உள்ளே வருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். பாட்டு காதில் விழ வேண்டுமானால் அதுவும் ஏறத்தாழ அந்த அளவுக்கு வேண்டும். 94-உம் 94-உம் சேர்ந்தால் 97, ஏனென்றால் டெசிபல் கணக்கில் மூன்று கூடினால் சத்தத்தின் ஆற்றல் இரட்டிப்பாகிவிட்டது என்று அர்த்தம். பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 85 டெசிபலுக்கு ஒரு நாளில் 8 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 94-இல் ஒரு மணி நேரம், 97-இல் அரை மணி நேரம். காப்பாற்றும் என்று நம்பிய பாட்டு, இருந்த அவகாசத்தையும் பாதியாக்கிவிட்டது.

அதே கொட்டகையில் இயர்போன் காதுத் துளையை நன்றாக அடைத்து உட்கார்ந்து, சத்தத்தில் 20 டெசிபலைத் தடுத்தால் உள்ளே வருவது 77. பாட்டையும் 77-இல் வைத்தால் சேர்ந்து 80. வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு இது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரமாக ஆறு நாள் நிற்கிறவருக்கு வாரம் 72 மணி ஆகிறது. அவருக்கு 80 கூட அதிகம்தான். பாட்டை நடுநடுவே நிறுத்தியே ஆக வேண்டும். ஆனாலும் நாளுக்கு அரை மணி என்பதற்கும் வாரத்துக்கு நாற்பது மணி என்பதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். அந்தத் தூரம் முழுவதும் ஒரு சின்ன ரப்பரின் வேலை.

இது புதுச் செய்தியும் இல்லை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரம் வங்காளத்துச் சணலை வாங்கி நெய்த ஊர். அங்கே பல்லாண்டுகள் தறி ஓட்டிய பெண்களின் செவித்திறனை வில்லியம் டெய்லரும் உடன் ஆய்வாளர்களும் அளந்து 1965-இல் வெளியிட்டார்கள். தறிச் சத்தம் 100 டெசிபலை ஒட்டியது. முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளிலேயே 4000 ஹெர்ட்ஸ் பகுதியில் கேள்வி பெரிதாக விழுந்துவிட்டிருந்தது. பேச்சில் ‘ச’, ‘த’, ‘ப’ போன்ற மெல்லிய வெடிப்புகளையும் உரசல்களையும் பிரித்தறிய உதவுவது அந்த உயர் அலைவரிசைகள்தான். குரல் கேட்கும், சொன்னது சட்டியா பட்டியா என்று பிடிபடாது. இங்கே நம் ஊர்ப் பெரியவர்கள் “கேக்குது, வெளங்கல” என்று சொல்வதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் சொல்வது துல்லியமான மருத்துவ விவரம்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பைத் தொழில்நோய்ப் பட்டியலில் வைத்தது. ஆனால் அந்தச் சட்டத்தின்படி மின்சாரத்தில் ஓடும் இடமானால் 10 பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. வீட்டோடு ஒட்டி நாலு தறி போட்டவர் அந்த வரம்புக்குள் பெரும்பாலும் வந்ததே இல்லை. அதனால் அவர் காதை அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

“பேஸ் வரலைன்னா நல்ல கம்பெனியா வாங்கணும்.”

கடைவீதியில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. பல சமயம் பழைய இயர்போனிலேயே பேஸ் இருக்கிறது, காதுக்கு வெளியே கசிந்து போகிறது. தாழ்ந்த ஒலியை அந்தச் சின்னத் தகடு உண்டாக்குவது, காதுத் துளைக்குள் அடைபட்ட கொஞ்சம் காற்றை முன்னும் பின்னும் தள்ளித்தான். சைக்கிள் பம்பில் வாஷர் தேய்ந்துபோனால் எவ்வளவு அடித்தாலும் டயர் ஏறாது, அதுபோல ஒரு ஊசி அளவு இடைவெளி இருந்தாலும் பேஸ் நிற்காது. உயர்ந்த ஒலிகள் அப்படிக் கசிவதில்லை. அதனால் பாட்டு கீச்சென்று கேட்கும், நாம் வால்யூமை ஏற்றுவோம், காதைக் குத்தும் ஒலிகளும் சேர்ந்து ஏறும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். தவில் அல்லது பேஸ் கிதார் தெளிவாக வரும் ஒரு பாட்டைப் போட்டு, இரண்டு இயர்போனையும் விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது மட்டும் பேஸ் கூடினால் அடைப்பு போதவில்லை. அழுத்தினாலும் விட்டாலும் ஒன்றாகக் கேட்டால் ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறது.

போதவில்லை என்றால் பெட்டிக்குள் போட்டுவைத்த மற்ற ரப்பர்களை எடுக்க வேண்டும். வாங்கும்போது மாட்டியிருக்கிற நடுத்தர அளவுதான் எல்லாருக்கும் என்று பெரும்பாலோர் அந்தப் பெட்டியைத் திறப்பதே இல்லை. காதுத் துளை ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீளம், 7 மில்லிமீட்டர் அகலம். நேராகப் போகாமல் வளைந்து போகும். ஒரே ஆளுக்கு இடதும் வலதும் வேறாக இருக்கும். இடது காதுக்கு நடுத்தரம், வலது காதுக்குப் பெரியது என்று மாட்டினால் அதில் பிசகு ஒன்றும் இல்லை. சிறிய ரப்பரை ஆழமாகத் தள்ளுவதை விட, கொஞ்சம் பெரியதைச் சரியாக வைப்பது பல காதுகளுக்கு நன்றாக அடைக்கும். வலித்தால் அது தப்பான அளவு.

மாட்டுகிற விதமும் உண்டு. வலது காதில் மாட்டும்போது இடது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய், வலது காது மடலின் மேல்பகுதியை மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும். வளைவு நேராகும். அப்போது இயர்போனை லேசாகத் திருகி உள்ளே விட்டு, மடலை விட்டுவிட வேண்டும். நுரை முனையாக இருந்தால் விரலில் உருட்டிச் சுருக்கி உள்ளே வைத்து, அது விரிந்து துளையை நிரப்பும் வரை அரை நிமிடமாவது பிடித்திருக்க வேண்டும். மேடைக்காரர்கள் பயன்படுத்தும் வகையில் வயர் காதுக்கு மேலே போய்ப் பின்னால் இறங்கும். அதைக் கீழே தொங்கவிட்டுப் போட்டால் இயர்போன் திரும்பி நிற்கும், வயர் சட்டையில் உரசுவதெல்லாம் தடதடவென்று காதுக்குள் கேட்கும்.

அடைப்பு சரியாக அமைந்ததும் பலர் பயந்து கழற்றிவிடுகிறார்கள். தன் குரலும், முறுக்கு மெல்லுவதும், நடக்கிற காலடியும் தலைக்குள் முழங்குகின்றன என்பது புகார். இயர்போன் கெட்டுப்போகவில்லை. நாம் பேசும்போது எலும்பு வழியாகவும் ஒலி காதுத் துளைக்கு வருகிறது. வழக்கமாக அது வெளியே போய்விடும், வாசலை அடைத்ததால் உள்ளேயே நிற்கிறது. அடைப்பு அமைந்ததற்கு அதுவே ஓர் அத்தாட்சி.

விலைப் பேச்சுக்குத் திரும்புவோம். ஜெரோன் ப்ரீபார்ட் என்ற ஒலியியல் ஆய்வாளர் 283 ஹெட்போன்களையும் இயர்போன்களையும் அளந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், அலைவரிசைகளை அவை கொடுக்கும் விதத்துக்கும் விலைக்கும் தொடர்பு காணப்படவில்லை. விலை கூடக்கூட உழைப்பும் வயரும் பெட்டியும் நன்றாக இருக்கலாம்; ஒலி நன்றாகும் என்று உறுதி கிடையாது. காதுக்கு நாலு டிரைவர், எட்டு டிரைவர் என்ற விளம்பரமும் இப்படித்தான். ஒற்றை டிரைவரை ஒழுங்காக வடிவமைத்தவர் எட்டைத் தாறுமாறாகச் சேர்த்தவரை விட நன்றாகக் கொடுப்பார். நூறு மணி நேரம் ஓடவிட்டால்தான் ஒலி பழகும் என்பதை நான் ஏற்பதில்லை. பழகுவது பெரும்பாலும் நம் செவியும், மாட்டுகிற கையும்தான்.

சத்தம் நீக்கும் வசதி உள்ள இயர்பட்ஸ் வந்த பிறகு, ரப்பர் எப்படி இருந்தால் என்ன என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அந்த வசதி வெளிச் சத்தத்துக்கு எதிரான அலையை உண்டாக்கிக் கழிக்கிறது. ஒரே சீராக உறுமுகிற தாழ்ந்த சத்தத்தில்தான் அது கெட்டிக்காரத்தனம் காட்டும். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பேருந்தில் என்ஜின் உறுமல் சட்டென்று அடங்கிவிடும். தறியின் படீர் படீர் அடியில் இருக்கும் உயர்ந்த, திடீர் ஒலிகளை அது அவ்வளவாகத் தொடாது. அவற்றைத் தடுப்பது ரப்பர்தான். ரப்பர் கசிந்தால் எதிர் அலையும் கசிந்துபோகும்.

மேடைக்கு வருகிறேன். காதுக்குள் மாட்டும் மானிட்டர் பிறந்ததே மேடையின் இரைச்சலில்தான். வான் ஹேலன் குழுவின் டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக ஒலிப்பொறியாளர் ஜெர்ரி ஹார்வி 1995-இல் செய்து கொடுத்தது அந்தத் தொழிலின் பெரிய தொடக்கங்களில் ஒன்று. காலடியில் வைக்கும் ஸ்பீக்கர்களின் சத்தத்தோடு போட்டி போடாமல், தாழ்ந்த அளவிலேயே தன் குரலைத் தான் கேட்கலாம் என்பதுதான் நோக்கம். இப்போது விருதுநகர் பங்குனிப் பொங்கல் மேடையிலும், சுற்றுவட்டாரத்து முளைப்பாரிக் கச்சேரிகளிலும் பாடகர்கள் காதில் அதைப் பார்க்கலாம். பாதிப் பாட்டில் ஒரு காதைக் கழற்றித் தோளில் தொங்கவிடுவதையும் பார்க்கலாம். கூட்டத்தின் கைதட்டல் கேட்க வேண்டும், ஒரு காது போதும் என்ற நம்பிக்கை. இரண்டு காதிலும் கேட்கும்போது மூளை இரண்டையும் கூட்டிக்கொள்வதால் குறைந்த அளவே போதுமானதாக இருக்கும். ஒன்றைக் கழற்றியதும் மாட்டிய காதுக்கு வால்யூம் ஏற்ற வேண்டிவரும். திறந்த காதிலோ மேடை ஸ்பீக்கரும் தவிலும் நேராக அடிக்கும். இரண்டு காதும் கெடும். கூட்டம் கேட்க வேண்டுமானால் மேடை ஓரத்தில் கூட்டத்தைப் பார்த்து ஒரு மைக் வைத்து, அதை மானிட்டரில் கொஞ்சம் கலந்துவிடச் சொல்லலாம். மிக்ஸர் பார்க்கிற தம்பிக்கு இரண்டு நிமிட வேலை.

கொட்டகையில் பஞ்சுத் தூசி, வெளியே கரிசல் புழுதி, சித்திரை வெயிலில் வியர்வை. ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் வயர் போய்விட்டது என்று இயர்போனைத் தூக்கி எறிகிறார்கள். பெரும்பாலும் அதன் வாய்ச் சல்லடையில் குறும்பியும் பஞ்சும் அடைத்திருக்கும். ரப்பரைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். இயர்போனின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்து, காய்ந்த மெல்லிய பிரஷால் தட்டுங்கள். ஊசி வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம். எச்சில் ஈரம் உள்ளே போகும். காதையும் பட்ஸ் விட்டுக் குடைய வேண்டாம். குறும்பி காதுக்குக் காவல், தானாகவே வெளியே நகர்ந்து வரும். குடைந்தால் உள்ளே போய் இறுகும். காய்ச்சிய எண்ணெய் விடும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. செவிப்பறையில் ஓட்டை இருப்பது தெரியாமல் விட்டால் சீழ் வைக்கும். எண்ணெய்ப் பிசுக்கில் ரப்பரும் வழுக்கி நிற்காது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எவ்வளவு நன்றாக அடைத்தாலும் பாட்டுக் கேட்கும் இயர்போன் பாதுகாப்புச் சாதனம் ஆகாது. தறியடியில் பெல்ட்டும் சுழல்கிற பாகங்களும் இருக்கின்றன, தொங்குகிற வயர் அதில் சிக்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் ஒருவர் கத்துவதும் தறி மாறி ஓடுகிற சத்தமும் கேட்டாக வேண்டும். வேலை நேரத்துக்கு நுரைக் காதடைப்பான்தான் சரி. பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது, மாட்டும் விதமும் மேலே சொன்ன நுரை முனைக்கு உள்ளதுதான். அட்டையில் போட்டிருக்கும் டெசிபல் ஆய்வகக் கணக்கு. அரைகுறையாகச் செருகினால் பாதிகூடக் கிடைக்காது.

ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் காதில் ‘ஙொய்’ என்று இரைந்தால், டிவியின் சத்தத்தை வீட்டில் மற்றவர்கள் குறைக்கச் சொன்னால், செவித்திறன் சோதனை எடுத்துவிட வேண்டும். மதுரை ராஜாஜி மருத்துவமனையும், விருதுநகரில் 2022-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் தொலைவில்லை. காதுக்கு ஒரு கோடாக வரைந்து கொடுக்கிற அந்தத் தாளில் 4000 ஹெர்ட்ஸ் இருக்குமிடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று கேட்டு, தாளைப் பத்திரப்படுத்தி, அடுத்த வருஷத்துத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தறிக்குப் போகாத ஒரு நாள் கழிந்து மறுநாள் காலையில் எடுப்பது நல்லது. இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு நேராகப் போனால் அப்போதைக்கு வந்த மந்தமும் கலந்து கணக்குத் தப்பிவிடும்.