திறப்பது எளிது, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் மாமா கட்டியிருந்த பழைய கேசியோ டிஜிட்டல் வாட்சைப் பற்றி எழுதியிருந்தாய். எண்கள் பாதிதான் தெரிகின்றன, சுற்றியுள்ள கறுப்பு உறை தொட்டால் உதிர்கிறது, ஒரு பட்டன் அழுத்தினால் உள்ளேயே நின்றுவிடுகிறது. எல்லாவற்றையும் சரிசெய்து, டிஸ்பிளேயைக் கறுப்பாக மாற்றி, புது நிறத்தில் உறை போட்டு, அடுத்த முறை கடலுக்குள் இறங்கும்போது அதையே கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறாய். கடைசி ஆசையைத் தவிர மற்ற எல்லாமே வீட்டு மேஜையில் முடியும். அந்தக் கடைசி ஆசைக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வாட்சைத் திறக்க ஒரு நல்ல ஸ்க்ரூ டிரைவர் போதும். தண்ணீருக்குப் போகிற வாட்சில் தொழில் முழுவதும் அதை மூடுவதில் இருக்கிறது.

முதலில் பின்மூடியில் என்ன பொறித்திருக்கிறது என்று பார். ‘வாட்டர் ரெசிஸ்ட் 20 பார்’ என்றால் அது தண்ணீர் தாங்கும் வாட்ச். ‘டைவர்ஸ் 200 எம்’ என்றிருந்தால்தான் ஐஎஸ்ஓ 6425 தரத்துக்கு உட்பட்ட டைவ் வாட்ச். அந்தத் தரத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டை எடுத்துச் சோதித்துவிட்டு மீதியைப் பெட்டியில் அடைக்க முடியாது. ஒவ்வொரு வாட்சும், தன் மேல் எழுதியதைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தை இரண்டு மணி நேரம் தாங்க வேண்டும். இருட்டில் 25 செ.மீ. தள்ளி வைத்தாலும் நேரம் தெரிய வேண்டும். 1983-இல் தொடங்கிய கேசியோவின் ஜி-ஷாக் வரிசையில் இந்தத் தரத்தை முதலில் எட்டியது 1993-இல் வந்த ஃபிராக்மேன், டிடபிள்யூ-6300. பட்டன்கள் புறங்கையில் குத்தாமலிருக்க அதன் உடம்பையே ஒரு பக்கமாக ஒதுக்கிச் செய்தார்கள்.

நீ அனுப்பிய படத்தில் இருப்பது 20 பார் வாசகம். அதற்காக அதை மட்டமாக நினைக்காதே. 30 மி.மீ. குறுக்களவுள்ள கண்ணாடியின் மேல் 20 பாருக்கு இணையான 200 மீட்டர் ஆழத்துத் தண்ணீர் ஏறக்குறைய 140 கிலோ பாரத்தோடு அழுத்தும். அதைத் தாங்கத்தான் அதைச் செய்தார்கள். ஆனால் அந்த எண், தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள் புதிதாக இருந்த நாளைக்கு உரியது.

இனி வேலைக்கு வருவோம். எண்கள் அரைகுறையாகத் தெரிந்தால் டிஸ்பிளே போய்விட்டது என்று முடிவுகட்டாதே. சர்க்யூட் பலகைக்கும் டிஸ்பிளே கண்ணாடிக்கும் நடுவே நுண்ணிய வரிகள் ஓடும் ஒரு ரப்பர் பட்டை இருக்கும், ஜீப்ரா என்பார்கள். அந்த வரிகள் வழியாகத்தான் மின்சாரம் ஒவ்வொரு கோட்டுக்கும் போகிறது. அதில் அழுக்கு படிந்தால் எட்டு மூன்றாகத் தெரியும். உள்ளிருக்கும் இயந்திரமான மாடியூலைப் பிரித்து, பட்டையின் இரு விளிம்புகளையும் அது தொடும் இடங்களையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சில்லாத துணியால் துடை. பெரும்பாலும் சரியாகிவிடும். கண்ணாடிக்குள் மை கொட்டியதுபோலக் கறை பரவியிருந்தால் மட்டும் அதற்கு வைத்தியம் கிடையாது. வேறொரு பழைய வாட்சிலிருந்து மாற்ற வேண்டியதுதான்.

செல் மாற்றியதும் வாட்ச் உயிர் பெறவில்லையென்றால் பதறாதே. மாடியூலின் மேல் ‘ஏசி’ என்று பொறித்த ஒரு புள்ளி இருக்கிறதா என்று பார். அதையும் செல்லின் பிளஸ் பக்கத்தையும் ட்வீசரால் ஒருசேர இரண்டு நொடி தொட்டால் சர்க்யூட் ரீசெட் ஆகும். பின்மூடியைத் தொட்டு நிற்கும் ஒரு குட்டிச் சுருள் ஸ்பிரிங்கும் இருக்கும். அலாரத்துக்கு மின்சாரம் போவது அதன் வழியாகத்தான். திறந்தவுடன் துள்ளி ஓடுவதும் அதுதான், ஆகவே வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வேலை செய்.

பட்டன் உள்ளேயே நின்றுவிடக் காரணம் காய்ந்த உப்பும் வியர்வை அழுக்கும். பட்டனின் உள்முனையை ஒரு சின்ன ஈ-கிளிப் பிடித்திருக்கும். வாட்சை ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு, கையையும் உள்ளே விட்டுக் கழற்று. கிளிப் தெறித்தாலும் பைக்குள்தான் இருக்கும். பட்டன் தண்டில் மாட்டியிருக்கும் ரப்பர் வளையம் கடுகைவிடச் சற்றுப் பெரியது. அதில் நகக்கீறல் அளவு வெடிப்பு தெரிந்தாலும் மாற்றிவிடு. பின்மூடியின் வளையத்தைக் கவனிக்கிறவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள்.

அலங்காரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். கறுப்புப் பின்னணியில் வெளிர் எண்கள் வருவதற்குப் புது டிஸ்பிளே வேண்டாம். திரவப் படிகக் கண்ணாடியின் மேலே ஒட்டியிருக்கும் போலரைசர் படலத்தை எடுத்துவிட்டு, அதே அளவில் வெட்டிய புதுப் படலத்தை 90 டிகிரி திருப்பி ஒட்டினால் போதும். பழைய படலத்தின் மூலையைப் பிளேடால் நிமிண்டி மெதுவாக உரி. மிஞ்சிய பசையை ஆல்கஹாலில் ஊறவைத்துத் துடை. ஒட்டுவதற்கு முன் புதுப் படலத்தைக் கண்ணாடி மேல் பிடித்துச் சுழற்றிப் பார்த்தால், எந்தக் கோணத்தில் எப்படித் தெரியும் என்பது உனக்கே விளங்கிவிடும். ஆனால் ஒன்று: மங்கிய வெளிச்சத்தில் இந்தக் கறுப்பு டிஸ்பிளே சாதாரண டிஸ்பிளே அளவுக்குத் தெளிவாகத் தெரியாது. கடலுக்கடியில் கிடைப்பதெல்லாம் மங்கிய வெளிச்சம்தான். சிவப்பு எழுத்து, சிவப்புக் கோடு போடலாமா என்று கேட்டிருக்கிறாய். தண்ணீர் முதலில் விழுங்கும் நிறம் சிவப்பு. சில மீட்டர் இறங்கியதுமே அது பழுப்பாகி, பிறகு கறுத்துவிடும். கரையில் கட்டப் போகிறாயா, கடலில் கட்டப் போகிறாயா என்று முடிவெடுத்த பிறகு நிறத்தைத் தேர்ந்தெடு.

உதிரும் உறை பாலியூரித்தேன். ஈரமும் வெப்பமும் அதைப் பல ஆண்டுகளாக உள்ளுக்குள் சிதைத்துக்கொண்டே இருக்கின்றன. பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாலும் தப்பாது. பிய்த்து இழுக்காமல், ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் சற்று இளக்கிக் கழற்று. தண்ணீரைத் தடுக்கும் வேலை அதற்கு இல்லை, அடி தாங்குவது மட்டும்தான். அதனால் அதில் உன் இஷ்டம்போல் விளையாடலாம். வேறு நிறம் போடலாம், 3டி பிரிண்டரில் புதிதாக அச்சிடலாம், உறையே இல்லாமலும் கட்டலாம். ஆனால் உள்ளே எதையும் ஃபெவிக்விக் வைத்து ஒட்டாதே. அதன் ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிந்துவிடும்.

இப்போது மூடும் வேலை. இதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி வை. பின்மூடியின் ரப்பர் வளையத்தை எடுத்துப் பக்கவாட்டில் பார். புது வளையத்தின் வெட்டுமுகம் உருண்டையாக இருக்கும். பழையது அழுந்தி அழுந்தித் தட்டையாகிவிட்டிருக்கும். தட்டையானது மறுபடி உப்பாது, துடைத்துப் பயனில்லை, மாற்று. வளையம் உட்காரும் பள்ளத்தைக் கூராக்கிய மரக்குச்சியால் சுரண்டிச் சுத்தம் செய். உலோக ஊசி கீறல் போடும், அந்தக் கீறலே தண்ணீருக்கு வழியாகிவிடும். பிறகு லென்ஸை எடுத்துப் பள்ளத்தை ஒரு முழுச் சுற்றுப் பார். துணியிலிருந்து உதிர்ந்த ஒற்றை நூலிழை வளையத்துக்குக் குறுக்கே கிடந்தால் போதும், 200 மீட்டர் வாட்ச் கைகழுவும் தொட்டியிலேயே நனையும். தண்ணீர் தடவியதுபோலத் தெரிகிற அளவுக்கு மட்டும், மெல்லிசாகச் சிலிகோன் கிரீஸ் பூசு. கிரீஸின் வேலை வளையம் முறுக்காமல் வழுக்கி உட்கார உதவுவது. ஓட்டையை அது அடைக்காது.

மூடும் இடமும் முக்கியம். மழைக்காலச் சென்னைக் காற்றோடு சேர்த்து மூடினால், அந்த ஈரம் உள்ளேயே தங்கி, குளிர்ந்த தண்ணீரில் கண்ணாடிக்கு அடியில் பனியாகப் படியும். முந்தின இரவு மாடியூலையும் உடம்பையும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்துவிட்டு, ஏசி அறையில் மூடு. ஸ்க்ரூவை வைத்ததும் திருகாதே. முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுற்று. மரையில் ‘டக்’கென்று விழுவது விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பு. நான்கு ஸ்க்ரூக்களையும் பாதி வரை ஏற்றி, பிறகு மூலைக்கு மூலையாக இறுக்கு. ஒரே பக்கத்தை முதலில் இறுக்கினால் வளையம் கோணலாக நசுங்கும்.

சோதிக்காமல் தண்ணீரில் போடாதே. ஐஎஸ்ஓ தரத்திலேயே உள்ள ஒரு சோதனையை வீட்டில் செய்யலாம். வாட்சை 40–45 டிகிரி சூட்டில் வைத்து, அந்தச் சூடு முழுக்க ஏறிய பின், கண்ணாடி மேல் சாதாரணத் தண்ணீர் ஒரு சொட்டு விடு. ஒரு நிமிடம் கழித்துத் துடை. உட்புறம் பனி படிந்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. திறந்து காயவைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கு. பனி இல்லையென்றால் உள்ளே ஈரம் இல்லை என்று மட்டும் தெரியும். அழுத்தத்தைத் தாங்குமா என்பதை அழுத்தச் சோதனைக் கருவி வைத்திருக்கும் கடையில்தான் பார்க்க வேண்டும். அந்தச் சோதனை முடியும்வரை பின்மூடியில் பொறித்த எண்ணை நம்பாதே. அது தொழிற்சாலை கொடுத்த வாக்கு. திறந்து மூடியவன் நீ, இனி வாக்குக் கொடுக்க வேண்டியதும் நீதான்.

கடலுக்குப் போகும்போது டைவ் கம்ப்யூட்டரைக் கட்டாயம் கட்டு. மாமாவின் வாட்ச் இன்னொரு கையில் இருக்கட்டும். தண்ணீருக்குள் பட்டனை அழுத்தாதே. கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசு. இதை யாருக்காவது கொடுக்கவோ விற்கவோ நேர்ந்தால், எப்போது திறந்தாய், எந்தெந்த வளையத்தை மாற்றினாய், எவ்வளவு அழுத்தத்தில் சோதித்தாய் என்று ஒரு சீட்டில் எழுதிச் சேர்த்துக் கொடு. சோதிக்கவில்லையென்றால் அதையும் எழுது.

அடுத்த கடிதத்தில் என்ன நிறம் போட்டாய் என்பதைச் சாவகாசமாகச் சொல்லலாம். லென்ஸில் பார்த்தபோது அந்தப் பள்ளம் எப்படி இருந்தது என்பதை முதலில் எழுது.

அன்புடன்,
அண்ணன்