பழைய கார், பொருந்தாத சக்கரம்

பழைய காரில் அலாய் வீலைக் கண்டாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. இரும்பு ரிம், இல்லையென்றால் கம்பிச் சக்கரம். மற்றதெல்லாம் பின்னாளில் வந்த ஆடம்பரம் என்பது அவர்கள் கட்சி. ஆனால் 1924-இலேயே லியோன் பந்தயத்தில் இறங்கிய புகாட்டி டைப் 35, அலுமினியத்தில் வார்த்த சக்கரங்களோடுதான் வந்தது. ஆரம் எட்டு, பிரேக் டிரம்மும் அதனுடனே சேர்ந்த வார்ப்பு. 1960களில் இங்கிலாந்தில் மினி கார்களோடு புகழ்பெற்ற மினிலைட் சக்கரத்துக்கும் ஆரம் எட்டுதான்.

அதற்காக, மினிலைட் மாட்டிய மினியெல்லாம் மான்டி கார்லோ ராலி வண்டி ஆகிவிடாது. 1964-இல் பேடி ஹாப்கர்க் அங்கே வென்ற மினி கூப்பர் எஸ் ஓடியது சாதாரண இரும்பு ரிம்மில்.

‘அசல் மக்னீசியச் சக்கரம்தான் உசத்தி’ என்பது அடுத்த நம்பிக்கை. இதில் பாதி உண்மை. அலுமினியத்தைவிட மக்னீசியம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு லேசு. பந்தயக்காரர்கள் தேடியது அதைத்தான். ஆனால் ஈரமும் உப்பும் அதை எளிதில் அரித்துவிடும். பெயின்டுக்கு அடியில் விரிசல் ஓடினால் வெளியே தெரியாது. பந்தய அணிகள் சக்கரத்தைச் சோதித்துப் பார்த்து, சந்தேகம் வந்தால் ஒதுக்கிவிடும். அரை நூற்றாண்டு கடந்த சக்கரத்தை, விரிசலைக் காட்டும் சாயச் சோதனைகூடச் செய்யாமல் சாலையில் ஓட்டுவது ரசனை அல்ல, அசட்டுத் துணிச்சல். அதே வடிவில் இன்று அலுமினியத்தில் வார்த்துத் தருகிறார்கள். தினமும் வண்டி எடுப்பவருக்கு அதுவே நல்லது.

‘நாலு ஓட்டை இருக்கிறதே, மாட்டிவிடலாம்’ என்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. மினியின் போல்ட் வட்டம், அதாவது போல்ட் ஓட்டைகளின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம், 101.6 மில்லிமீட்டர். பிற்காலத்துச் சிறிய கார்கள் பலவற்றில் 100. வித்தியாசம் 1.6 தானே என்று இறுக்கினால் சக்கரம் ஹப்பில் சரியாக உட்காராது. ஸ்டட் வளையும், நட் தளரும். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலைப் போல ஒரே மாடல், 205 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து போல்ட் என்றிருந்து 130 மில்லிமீட்டரில் நான்கு போல்ட்டுக்கு மாறிய கதையும் உண்டு. ஆண்டு தெரியாமல் வாங்கினால் சக்கரம் வீட்டு மூலையில்தான் கிடக்கும். நட்டையும் விடக்கூடாது: இரும்பு ரிம்மின் நட், தடித்த அலாய்க்குப் பெரும்பாலும் பொருந்தாது.

அளவு விஷயத்தில் ஆசை எல்லை மீறுகிறது. ‘புல்லிட்’ (1968) படத்து மஸ்டாங் காரில் இருந்த டார்க் த்ரஸ்ட் சக்கரம் 15 அங்குலம். அதே ஐந்து ஆர வடிவம் இன்று 18 அங்குலத்திலும் விற்கிறது. டயரின் பக்கச் சுவர் மெலிந்து, ரிம் மட்டும் பூதாகரமாகத் தெரியும். அறுபதுகளின் சாயல் அதோடு போயிற்று. மினி 1984-இல் 10 அங்குலத்திலிருந்து 12-க்கு மாறியதற்கு உருப்படியான காரணம் இருந்தது: பெரிய டிஸ்க் பிரேக்குக்கு உள்ளே இடம் வேண்டியிருந்தது.

கம்பிச் சக்கரம் மட்டும் எந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கும் ஒத்துவரும் என்பார்கள். ஆனால் அப்படிப்பட்ட கார்களில் ஒன்றான எம்.ஜி.பி.யிலேயே கம்பிச் சக்கரத்துக்கென்று குறுகலான பின் அச்சு தனியாக வந்தது. இரும்பு ரிம் வண்டியில் அடாப்டர் வைத்து மாட்டினால் சக்கரம் வெளியே தள்ளி, டயர் மட்கார்டில் உரசும். ட்யூப் செலவும் சேரும். ஆரக் கம்பிகள் ரிம்மைத் துளைத்துச் செல்வதால், அந்தத் துளைகளை அடைக்காத ரிம்மில் ட்யூப்லெஸ் டயர் காற்றைப் பிடித்து வைக்காது.